ஆண் சுண்டெலிங்க கடிச்சுக்குதுங்க, வழி சொல்லுங்க
கோயம்புத்தூர்ல ஒரு பார்மசி காலேஜ் அனிமல் ஹவுஸ்ங்க, ஆராய்ச்சிக்கு எலி வளக்கற இடம். ஸ்விஸ் ஆல்பினோங்கற வெள்ளை ரக ஆண் சுண்டெலிங்க, கூண்டுக்கு 5, உமி பெட்டிங், ரூம் 23 டிகிரி, 12 மணி நேரம் லைட். 6 வார வயசுல வந்தப்ப ஒண்ணுமேல ஒண்ணு படுத்து தூங்குச்சுங்க, இப்ப 10 வாரம், கூண்டு மாத்துன ராத்திரியே சண்டை, காலைல பாத்தா வால் அடியிலயும் முதுகுலயும் ரத்தம், ஒண்ணு மட்டும் கீறல்கூட இல்லாம ஜம்முனு உக்காந்திருக்கும், அதான் ரவுடி. அதைத் தூக்கி தனியா போட்டா அடுத்தது ஆரம்பிக்குது.

பழைய கூண்டுல கூடு கட்டுன டிஷ்யூ பேப்பர அப்படியே புதுசுல வச்சோம், அட்டைக்குழாய் போட்டோம், பெண் எலி ரேக்கையும் வேற ரூமுக்கு மாத்தியாச்சு. கூண்டு விட்டு கூண்டு கலக்கவே இல்ல. டோசிங், அதாவது மருந்து குடுக்கறது, அடுத்த வாரம், தனித்தனியா போட்டா ஸ்ட்ரெஸ்ல ரீடிங் மாறிடும்னு கைடு ஒத்துக்க மாட்டேங்கறார்.

எல்லாத்தையும் பிரிக்காம சண்டைய நிறுத்த உங்க லேப்ல என்ன பண்ணீங்க?