இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஓடியன் தமிழ்த் தட்டுகள்: எங்கே தேடுவது, எப்படிப் பார்த்து வாங்குவது?

அரக்குத்தட்டு:
வணக்கம். 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும், அரக்கால் ஆன) பழைய தமிழ் இசைத்தட்டுகள் சேர்க்கிறேன். எச்.எம்.வி., கொலம்பியா சினிமாப் பாட்டுகள் ஓரளவு கிடைத்துவிடுகின்றன. 1930களின் ஓடியன் தட்டுகள், அதிலும் நாடக செட்டுகள் (ஒரே நாடகம் பல தட்டுகளில்), கண்ணிலேயே படுவதில்லை. எங்கே தேடலாம்? கடையில் போட்டுக் கேட்க மெஷின் இல்லாதபோது தட்டு தேறுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழுவி, கணினியில் ஏற்ற என்ன வழி? என்னிடம் இருப்பது 33, 45 வேகம் மட்டும் உள்ள சாதாரண டர்ன்டேபிள்.

மூர்மார்க்கெட்:
ஓடியன் ஏன் அரிது என்று புரிந்தால் எங்கே தேடுவது என்பதும் புரியும். அது ஜெர்மன் கம்பெனி. இந்தியாவில் இரண்டு கட்டமாகத் தட்டு வெளியிட்டது: 1912 முதல் 1916 வரை, பிறகு 1932 முதல் 1938 வரை. இரண்டாவது கட்டத்தில் சென்னையில் அதன் தட்டுகளைக் கொண்டுவந்தது ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ். ஜெர்மன் சரக்கு இறக்குமதிக்குத் தடை வந்ததும் ஓடியனின் இந்திய வியாபாரம் நின்றுபோனது. எச்.எம்.வி. தட்டு நன்றாக விற்றால் கல்கத்தா டம்டம் ஆலையில் மறுபடி அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். ஓடியனுக்கு அந்த வசதி இல்லாமல் போனது.

ஒரு எச்சரிக்கை. போருக்குப் பிறகு அதே ஓடியன் பெயரில் டம்டமில் அச்சான சினிமாத் தட்டுகள் ஏராளம். அவையும் நல்ல தட்டுகள்தான், ஆனால் அரிதல்ல. "ஓடியன் சார், கிடைக்காது" என்று விலை சொன்னால் லேபிளின் ஓரத்தில் எங்கே அச்சானது என்ற பொடி எழுத்தைப் படியுங்கள்.

தேடுமிடம்: முதலிடம் காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள். செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கும்போது மரச்சாமானோடு தட்டுப் பெட்டியும் அங்கேதான் வருகிறது. தூணுக்கும் கதவுக்கும் உள்ள மதிப்பு தட்டுக்கு இல்லாததால் மூலையில் கிடக்கும், நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் வியாபாரிகள் போன அல்லிக்குளம் வளாகம். புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தை. மும்பை சோர் பஜாரில் தமிழ்த் தட்டுகள் எப்போதாவது தலைகாட்டும், மொழி தெரியாததால் கலந்து கட்டி விற்பார்கள்.

சின்ன ஊர் மைக்செட் கடைகளில் மூட்டை மூட்டையாக இருக்கும். ஆனால் கல்யாண வீட்டில் மழுங்கிய ஊசியால் நாள் முழுக்க ஓடியவை அவை. எல்.பி.க்குப் (பிற்காலத்து 33 வேகப் பெரிய தட்டு) போகலாம், 78க்கு அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

நாடக செட் என்றால் பெட்டியை நம்பாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் உள்ள பாக எண்ணையும் தட்டு எண் வரிசையையும் சரிபாருங்கள். நடுவில் ஒன்று உடைந்து, வேறு தட்டைச் செருகி எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருப்பார்கள். அதே வீட்டுக் காகிதக் கட்டில் பாட்டுப் புத்தகமோ கம்பெனிப் பட்டியலோ இருந்தால் விடாதீர்கள். செட்டில் எத்தனை தட்டு என்பதற்கு அதுதான் சாட்சி.

ஊசிமுனை:
மெஷின் இல்லாமல் பார்க்க ஒரு டார்ச் போதும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில், தட்டை உரசுகிற மாதிரி அடியுங்கள். நல்ல தட்டு கருப்பாகப் பளபளக்கும். பாட்டு சத்தமாக வரும் இடங்களிலும் உட்பக்க வரிகளிலும் (வரி என்பது ஊசி ஓடும் பள்ளம்) சாம்பல் பூத்திருந்தால் இரும்பு ஊசி வரியின் சுவரைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது அந்தக் காலக் கணக்கு. பலர் ஒரே ஊசியில் பத்துப் பக்கம் ஓட்டினார்கள். இந்தச் சாம்பலைக் கழுவிப் போக்க முடியாது. மேலோட்டமான கீறல் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பெரும்பாலும் லேசான டிக் சத்தத்தோடு போய்விடும். கீறலுக்குப் பயந்து சாம்பல் தட்டை வாங்குவதுதான் புதியவர்கள் செய்கிற தவறு.

அடுத்து பிளவு. நடு ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தூக்கி, ஓரத்தில் விரல் கணுவால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்றால் முழுசு, மொத்தென்றோ கரகரவென்றோ வந்தால் எங்கோ விரிசல்.

அரக்குத்தட்டு:
நன்றி சார். ஓரம் உடைந்த தட்டு, விரிசல் விட்ட தட்டு இரண்டையும் ஒதுக்கிவிடலாமா?

ஊசிமுனை:
அவசரப்படாதீர்கள், கணக்குப் போடுங்கள். வரிகள் ஏறத்தாழ அங்குலத்துக்கு 100, அதாவது மில்லிமீட்டருக்கு 4. ஒரு சுற்றுக்கு 0.77 விநாடி. ஆக, வரிகளுக்குள் 1 மி.மீ. உடைசல் போனால் சுமார் 3 விநாடிப் பாட்டு பாதிக்கும். உடைசல் வரி தொடங்காத வெளி விளிம்போடு நின்றால் பாட்டுக்குச் சேதமே இல்லை. விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் சுற்றுக்கு ஒரு டிக் மட்டும், அதைக் கணினியில் நீக்கலாம். மட்டம் மாறி ஒரு பக்கம் மேலே ஏறியிருந்தால் ஊசி முனைக்கு ஆபத்து, போடாதீர்கள். ஓடியன் நாடக செட்டில் ஒரே ஒரு தட்டு விரிசல் என்றால் நான் வாங்கத்தான் சொல்வேன்.

சுருதிபேதம்:
கழுவுவது: ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிட்டவே கொண்டுவரக் கூடாது. அரக்கு அதில் கரையும், வரியே போய்விடும். எல்.பி. கழுவும் திரவம் பலவற்றிலும் ஆல்கஹால் உண்டு, பாட்டிலைப் படித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு. மிருதுவான பிரஷ்ஷால் வரியின் போக்கிலேயே தேய்த்து, வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் அலசி, உடனே துணியால் ஒற்றுங்கள். ஊறவைக்காதீர்கள், அரக்கோடு கலந்த கல்மாவு ஈரத்தை இழுக்கும். லேபிள் நனையக் கூடாது. நிழலில் சில மணி நேரம் நிறுத்திக் காயவைத்த பிறகே உறை.

ஊசி: எல்.பி. ஊசியின் முனை ஒரு மில்லுக்கும் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு, 78க்கு 3 மில் வேண்டும். மெல்லிய ஊசி வரியின் அடியில் போய் அழுக்கைத்தான் வாசிக்கும். ஆடியோ டெக்னிகா விஎம்95 கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) இருந்தால் அதே உடலில் 78க்கான எஸ்பி ஊசியை மாற்றிச் செருகலாம். அழுத்தம் ஊசியோடு வரும் தாளில் சொன்னபடி வையுங்கள், எல்.பி. அளவில் விட்டால் ஊசி துள்ளும்.

78 வேகம் இல்லாவிட்டாலும் பதியலாம். 45இல் ஓட்டி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், ஸ்டீரியோவாகவே ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஏற்றுங்கள். பிறகு வரிசை முக்கியம். உங்கள் பிரீஆம்ப் (ஊசியின் ஒலியைப் பெருக்கும் கருவி) எல்.பி.க்கான ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒலித் திருத்தத்தைச் சேர்த்திருக்கும், முதலில் ஆடாசிட்டியின் ஃபில்டர் கர்வ் கருவியில் ஆர்.ஐ.ஏ.ஏ.வைத் தலைகீழாக்கி அதை எடுங்கள். அடுத்து வேகத்தை மாற்றும் சேஞ்ச் ஸ்பீடில் 45இலிருந்து 78. அதன்பின் 78க்கான ஒலித் திருத்தம் (கர்வ்). வேகத்தை மாற்றிவிட்டுத் திருத்தத்தை எடுத்தால் எல்லா அலைவரிசையும் இடம் மாறியிருக்கும், குரல் தகர டப்பாவாகிவிடும். கடைசியில் மோனோ. இரண்டு சேனலையும் கூட்டினால் மேல்கீழ் அதிர்வின் இரைச்சல் பெரும்பகுதி அடிபட்டுப் போகும். ஒரு சுவர் மட்டும் தேய்ந்திருந்தால் கூட்டாமல் நல்ல சேனலை மட்டும் எடுங்கள்.

மூர்மார்க்கெட்:
விட்டுப்போனது ஒன்று. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணக் காப்புத் திட்டத்தில் இந்திய ஓடியன் தட்டுகளை டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள். வெளியூர் போகுமுன் அந்தப் பட்டியலைப் பார்த்து எண்களைக் கையோடு எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத எண் கிடைத்தால் விரிசலோ சாம்பலோ பார்க்காமல் வாங்கி, இரண்டு பக்க லேபிளையும் லேபிளைச் சுற்றிக் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் (பதிவின் அடையாள எண்) படமெடுத்து இங்கே போடுங்கள்.

பஸ்ஸில் கொண்டுவரும்போது படுக்கவைத்து அடுக்காதீர்கள், அடித்தட்டு நொறுங்கும். இரண்டு அட்டைக்கு நடுவே ஒரு தட்டு, பெட்டிக்குள் நிறுத்தி, ஆடாதபடி துணியால் இறுக்கி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் ஒரு மதியத்திலேயே வளைந்துவிடும்.