அப்பத்தாவும் 6 வயதுப் பையனும் இருக்கும் வீட்டில் லயன்ஃபிஷ் வளர்க்கலாமா?

வளவுவீட்டான், கானாடுகாத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். 8 வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன், இப்போது வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) ஒரு தொட்டியும் அதில் இரண்டு ஆஸ்கர் மீனும் இருக்கின்றன. உப்புத்தண்ணீர்ப் பக்கம் இதுவரை போனதில்லை. போன மாதம் சென்னை போயிருந்தபோது கொளத்தூரில் ஒரு கடையில் லயன்ஃபிஷ் என்ற விஷ முள் உள்ள கடல் மீனைப் பார்த்தேன். விரல் நீளம்தான், செங்காவியும் வெள்ளையுமாக வரி, கண்ணாடி மூலையில் தலைகீழாக அசையாமல் நின்றது. கிட்டப் போனதும் பக்கச் செட்டைகளை விசிறி மாதிரி விரித்து மெதுவாகத் திரும்பியது பாருங்கள், அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ஊர் வந்த பிறகும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கடைக்காரர் 3 அடித் தொட்டி போதும், விஷம் தேனீ கொட்டுகிற அளவுதான், உயிருள்ள சின்ன மீன் போட்டால் நன்றாகத் தின்னும் என்றார். என் கவலை வேறு. அப்பத்தாவுக்கு 84 வயது, காலையில் எழுந்ததும் ஆஸ்கருக்குத் தன் கையால் தீனி போட்டால்தான் காப்பியே இறங்கும். தண்ணீருக்குள் விரலை விடுவார், அது வந்து முட்டும், சிரிப்பார். அவர் செய்வதையெல்லாம் பார்த்து என் மகனும் செய்வான். அவனுக்கு 6 வயது. இந்த வீட்டில் இந்த மீனை வைக்கலாமா, வைத்தால் எப்படி என்று வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உப்புத்தண்ணி, காரைக்குடி:

தம்பி, நானும் அப்படி ஒரு கடையில் நின்று பார்த்து வாங்கியவன்தான், அதனால் ஆசை புரிகிறது. ஆனால் கடைக்காரர் சொன்ன மூன்றும் தவறு. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் வாலிட்டன்ஸ் வகை. ஒன்றிரண்டு வருடத்தில் ஒரு அடியைத் தொட்டுவிடும். அதற்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், அதாவது 450 லிட்டராவது வேண்டும். 3 அடிதான் இடம் என்றால் குள்ள வகை கேளுங்கள், ஸீப்ரா அல்லது ஃபஸ்ஸி என்பார்கள், 15 முதல் 18 செ.மீ. அளவில் நின்றுவிடும். 3 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி போட்டால் 190 லிட்டர் வரும், அதற்கு அது தாராளம். விஷ முள் குள்ள வகைக்கும் உண்டு.

வெயில்தான் நம் ஊரில் பெரிய எதிரி. இந்த மீனுக்கு 24 முதல் 27 டிகிரிக்குள் தண்ணீர் இருக்க வேண்டும், சித்திரை வைகாசியில் நம் வீட்டுத் தொட்டி சும்மா இருந்தாலே 31, 32 காட்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் நிற்காது. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். முடியாவிட்டால் மேலே ஃபேன் வைத்து இரண்டு மூன்று டிகிரி இறக்கலாம், ஆனால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், உப்பு அங்கேயே தங்கும். தினமும் அந்தக் குறையை ஆர்.ஓ. மெஷினில் வடிகட்டிய நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இதில்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை கரண்டு போகும் நாளுக்கு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

அப்புறம் நம் வீடுகளுக்கென்றே உள்ள ஒரு ஆபத்து. உப்பு கலக்கப் பெரிய பாத்திரம் தேடும்போது கண்ணில் படுவது செப்பு அண்டா. நான் முதல் முறை அதில்தான் ராத்திரி முழுக்கக் கலக்கி வைத்தேன். காலையில் தொட்டியில் ஊற்றினேன், சாயங்காலத்துக்குள் இறாலும் நத்தையும் மொத்தமாகச் செத்துக் கிடந்தன. அண்டாவின் உள்பக்கம் தண்ணீர் நின்ற மட்டத்தில் பச்சையாக ஒரு கோடு. செம்பு அவற்றுக்கு நஞ்சு, பாறையிலும் மணலிலும் ஏறிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. பிளாஸ்டிக் டிரம்மைத் தவிர வேறெதிலும் கலக்காதீர்கள். லிட்டருக்கு 35 கிராம் என்றால் 190 லிட்டருக்கு ஆறரை கிலோவுக்கு மேல் உப்பு பிடிக்கும். மீன் இல்லாமல் தொட்டியை ஓட்டிவிட்டு நாலு முதல் ஆறு வாரம் காத்திருங்கள், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆகும்வரை மீன் வேண்டாம்.

தரையில் ஆத்தங்குடிக் கல் என்றால் ஸ்டாண்டுக்குக் கீழே ரப்பர் விரிப்பு போடுங்கள். உப்புநீர் சொட்டி உள்ளே இறங்கினால் பூ மாதிரி வெள்ளை பூத்து நிறமே போய்விடும், எங்கள் வீட்டுப் பட்டாலையில் இரண்டு கல் அப்படிக் கெட்டது.

கம்மாய்க்கரை, தேவகோட்டை:

தேனீ கொட்டினாற்போல என்று சொன்னவரை அது குத்தியிருக்காது. எங்கள் கண்மாய் வற்றி ஊரே மீன் பிடிக்கும்போது தேளி மீன் குத்தி அழுதிருக்கிறேன், வலி என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். லயன்ஃபிஷ் குத்தியது வேறு. தப்பு முழுக்க என்னுடையது. கையால் ஊட்டிப் பழக்கியிருந்தேன், ஒரு நாள் கண்ணாடியில் பாசி தேய்க்க இடது கையை விட்டபோது தீனி என்று நினைத்து வந்துவிட்டது. நான் பார்த்தது வலது பக்கம், அது நின்றது என் மணிக்கட்டுக்குக் கீழே. கையை இழுத்தபோது ஆட்காட்டி விரல் மூட்டில் முள் ஏறியது. இரண்டு சின்னப் புள்ளி, அவ்வளவுதான் காயம். சுற்றிலும் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்தது. பத்து நிமிடத்தில் வலி முழங்கை தாண்டி அக்குளுக்கு ஏறிவிட்டது. நாலு மணி நேரம் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வீக்கம் மூன்று நாள், விரலை மடக்க மூன்று வாரம் ஆனது.

முதுகில் 13, அடிவயிற்றுச் செட்டைக்கு ஒன்றாக 2, குதத்தருகே 3, ஆக 18 விஷ முள். நீங்கள் மயங்கிய அந்த விசிறிச் செட்டையில் விஷம் கிடையாது. துரத்திக்கொண்டு வந்து குத்தும் பிராணியும் அல்ல, மிரண்டால் தலையைத் தாழ்த்தி முதுகு முள்ளை உங்கள் பக்கம் திருப்பும். அதைப் பார்த்தால் கையை எடுத்துவிட வேண்டும். வலை போட்டுப் பிடிக்காதீர்கள், முள் சிக்கிக்கொள்ளும், டப்பாவை முக்கி உள்ளே ஓட்டுங்கள். செத்துக் கிடந்தாலும் கையால் தொடக்கூடாது.

தீனிக்கு நன்னீர்க் குட்டி மீன்களைப் போட்டுக்கொண்டே இருந்தால் ஈரலில் கொழுப்பு கட்டிச் செத்துவிடும். எனக்கு முதல் மீன் போனது அப்படித்தான். வந்த புதிதில் அசைகிற உயிர்த்தீனியைத்தான் தின்னும், நாலு நாள் கூனி இறால் விடுங்கள். பிறகு உரித்த இறால், கணவாய், கடல்மீன் சதை எல்லாவற்றையும் மாற்றி மாற்றி, நீளக் குச்சியில் குத்தி ஆட்டிக் காட்டுங்கள். வாயைத் திறப்பது கண்ணுக்கே தெரியாது, துண்டு மட்டும் காணாமல் போகும். வளர்ந்ததற்கு வாரம் மூன்று முறை போதும். வாய்க்குள் போகிற அளவில் உள்ள எந்த மீனையும் கூட வைக்காதீர்கள்.

வெள்ளைச்சேலை, காரைக்குடி:

நான் நர்ஸ். கம்மாய்க்கரை அண்ணன் சொன்ன வலியோடு வருகிறவர்களைக் கடற்கரை ஊரில் வேலை பார்த்தபோது கண்டிருக்கிறேன், கடலில் வேறு மீன் குத்தி வருவார்கள். குத்தினால் முதல் வேலை வெந்நீர். இந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். 45 டிகிரிக்கு மிகாமல், பொறுக்கக்கூடிய சூட்டில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் கையை முக்கி வைக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால்தான் பார்க்க வேண்டும், வலிக்கிற கைக்கு எதுவும் உறைக்காது, வெந்துபோகும். சுண்ணாம்பு தடவுவது, கீறி விடுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். முள் நுனி உள்ளே இருக்கலாம், டி.டி. (டெட்டனஸ்) ஊசியும் தேவைப்படலாம், அதனால் வலி குறைந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், மயக்கம் வந்தால் வெந்நீர் வைத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது, உடனே கிளம்புங்கள்.

நல்ல உடம்புள்ள பெரியவர்கள் இதனால் சாவது அரிது. உங்கள் வீட்டில் 84 வயது, 6 வயது. தம்பி, அவர்கள் கை அந்தத் தண்ணீருக்குள் போகவே முடியாது என்று உறுதி செய்ய முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

புதுமுகம், பள்ளத்தூர்:

ரொம்பப் பெரிதாகிவிட்டால் தொண்டியில் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாம்தானே? நம் கடல் மீன்தானே அது?

பாம்பன்காற்று, மண்டபம்:

விடவே கூடாது. மன்னார் வளைகுடாவில் லயன்ஃபிஷ் உண்டு என்பது உண்மை, ஆனால் கடைத் தொட்டியில் எந்தெந்த ஊர் மீன்களோடு கிடந்து என்ன நோயைச் சுமந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா கரையில் 1985-ல் முதன்முதலில் பார்த்தார்கள், தொட்டியிலிருந்து விடப்பட்டவை என்றே கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுக்கப் பரவி, பவளத்திட்டுகளின் குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது. ஒரு பெண் மீன் வருடத்துக்கு 20 லட்சம் முட்டைவரை இடும். வளர்க்க முடியாவிட்டால் வேறொரு வளர்ப்பவரிடம் கொடுங்கள்.

தொட்டிக்கு அழகாக இருக்கும் என்று எங்கள் பக்கம் வந்து பவளக்கல் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். பவளம் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, எடுத்தாலும் வைத்திருந்தாலும் குற்றம்.

வளவுவீட்டான், கானாடுகாத்தான்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். நர்ஸ் அக்கா சொன்னது மனதில் நின்றுவிட்டது.

முடிவு இதுதான். ஆஸ்கர் தொட்டி வளவிலேயே இருக்கும், அப்பத்தா விரலுக்கும் அவை பழகியிருக்கின்றன. வளவை ஒட்டி எங்கள் பங்குக்கு உள்ள அறை காலியாகத்தான் கிடக்கிறது, சுவர் கனம், வெயில் படாது, கதவில் பழைய பெரிய பூட்டு. அங்கே 3 அடித் தொட்டி, பூட்டு வைத்த மூடி. இந்த வருடம் முழுக்க உப்புத்தண்ணீரில் வேறு சாதாரண மீன் வைத்துப் பழகுகிறேன், ஒரு கோடையை அது தாண்டட்டும், பிறகுதான் குள்ள வகை ஒன்று.

அப்பத்தாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். தேளி குத்தினதற்கே அந்தக் காலத்தில் வெந்நீர் ஒத்தடம்தான் கொடுத்தோம் என்றார். அப்புறம், குச்சியில் குத்திக் கொடுத்தால் கதவுக்குள் வந்து நானும் ஊட்டலாமா என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தால் ஊட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். உப்புத்தண்ணி அண்ணே, சில்லர் எந்த அளவு வாங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள், அறையில் ஜன்னல் ஒன்றுதான்.