புரோட்டினேஸ் கே போட்டால் விபி8-உம் அழிகிறது, எங்கே பிசகு?

கேள்வி (சித்தூர், பாலக்காடு)
வணக்கங்க. மாட்டு ஹெர்பிஸ் வைரஸ்-1, எம்டிபிகே (மாட்டுச் சிறுநீரக) செல்லில் வளர்த்து சுக்ரோஸ் கிரேடியண்டில் சுத்தம் செய்தது. எந்தப் புரதம் வெளி உறையில், எது டெகுமெண்டில் (உறைக்கும் கேப்சிடுக்கும் நடுவே உள்ள அடுக்கு), எது கேப்சிடில் (மரபணுவைச் சுற்றிய புரதக் கூடு) என்று காட்ட வேண்டும். புரதத்தை வெட்டும் என்சைமான புரோட்டினேஸ் கே-யோடு வைத்து, பிறகு அதை நிறுத்த பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலார் போட்டு, உடனே புரதத்தை விரிக்கும் எஸ்டிஎஸ் பஃபர் ஊற்றிச் சூடாக்கினேன். பிளாட்டில் (ஆன்டிபாடியால் புரதத்தைக் காணும் சோதனை) உறைப் புரதமான ஜிடி இல்லை, அது சரி. டெகுமெண்டில் இருக்கும் விபி8-உம் இல்லை. கேப்சிடின் விபி5 கூட மங்கிவிட்டது. உறை கிழிந்துவிட்டதா?

பதில் (திருப்பதி)
உறை மட்டும் கிழிந்திருந்தால் முதலில் போவது விபி8. இறுக்கமாகப் பின்னிய கேப்சிடில் இருக்கும் விபி5 அவ்வளவு லேசில் கரையாது. அதுவும் மங்கியதால் என் சந்தேகம் எஸ்டிஎஸ் கட்டத்தின் மேல்தான். புரோட்டினேஸ் கே எஸ்டிஎஸ்-இலும் வேலை செய்யும். பஃபர் பட்டதும் உறை கரைந்து எல்லாப் புரதமும் விரிந்துவிடும், மிச்சமிருக்கும் என்சைம் சில நொடியில் அத்தனையையும் தின்றுவிடும்.

பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் நிற்காது, பிஎச் 8-இல் அரை மணி சுமாருக்குள் பாதி போய்விடும். ஐசோப்ரோபனாலில் கரைத்த ஸ்டாக்கிலிருந்து அப்போதே எடுத்து 5 மில்லிமோலார் போடுங்கள். ஐஸில் 10 நிமிடம் விட்டு, ஏற்கெனவே 95 டிகிரியில் சூடாக இருக்கும் பஃபருக்குள் மாதிரியை ஊற்றுங்கள். பஃபரை மாதிரியில் ஊற்றக் கூடாது, வரிசை முக்கியம்.

கூடவே மூன்று குழாய் கட்டாயம்: என்சைம் இல்லாதது, என்சைம் மட்டும், என்சைமோடு 1 சதவீதம் ட்ரைட்டான் (உறையைக் கரைக்கும் சோப்பு). இரண்டாவதில் விபி8 நின்று, மூன்றாவதில் போனால்தான் அது உறைக்குள் இருந்தது என்று சொல்ல முடியும். ஜிடி ஆன்டிபாடி எந்தப் பகுதியைப் பிடிக்கிறது என்றும் பாருங்கள். வால் பக்கம் (உறைக்கு உள்ளே நீளும் முனை) என்றால் சின்ன துண்டு ஒன்று உள்ளே தப்பித்து நிற்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இன்னொரு உறைப் புரதமான ஜிபி-யையும் ஓட்டுவதானால் டிடிடி (கந்தகப் பிணைப்பை உடைப்பது) போட்ட ஜெல்லில் 74, 55 கிலோடால்டன் என இரண்டாகத் தெரியும். டிடிடி இல்லாமல் 130. சிதைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

கேட்டவர்
நன்றிங்க சார், இன்றைக்கே வரிசையை மாற்றிப் பார்க்கிறேன். வைரஸை மைனஸ் 80-இல் வைத்து எடுத்ததாலும் உறை கெடுமா? இம்யூனோகோல்டுக்காக (தங்கத்துகள் ஒட்டிய ஆன்டிபாடியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது) வாளையார் தாண்டிக் கோவைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பதில் (கொழிஞ்சாம்பாறை)
கெடும். ஃப்ரீஸ் செய்து எடுத்ததில் இந்தச் சோதனையை வைக்கவே வேண்டாம். கடும் வேகத்தில் அடியில் படியவைத்துப் பிப்பெட்டால் குத்திக் கரைத்தாலும் கிழியும். 30 சதவீத சுக்ரோஸ் மெத்தையின் மேல் இறக்குங்கள், படிந்ததை இரவு முழுக்க 4 டிகிரியில் தானாக ஊற விடுங்கள்.

கோவைக்குப் போகும்போது மைனஸ் 20 ஜெல் பேக்கைக் குழாயோடு ஒட்டி வைக்காதீர்கள், ஃப்ரீஸ் ஆகிவிடும். இம்யூனோகோல்டுக்கு 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, 0.1 சதவீத குளுட்டரால்டிஹைடு போதும். 2.5 சதவீத குளுட்டரால்டிஹைடில் பல ஆன்டிபாடிகள் ஒட்டாது. கிரிட்டை (மாதிரி வைக்கும் சின்ன வலை) நாலைந்து சொட்டு தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள், பாஸ்பேட் மிச்சமிருந்தால் சாயமான யூரனைல் அசிட்டேட்டோடு சேர்ந்து கறுப்புப் பொடியாக இறங்கும்.

முழு வைரஸில் விபி8 ஆன்டிபாடி உள்ளே போகாது, எல்ஆர் ஒயிட் பிசினில் பதித்து மெல்லிய வெட்டு எடுங்கள். இரண்டு ஆன்டிபாடி அடுக்கினால் தங்கத்துகள் 15–20 நானோமீட்டர் தள்ளி விழும். கேப்சிட் குறுக்களவே 125 நானோமீட்டர், எனவே ஒற்றைத் துகளை நம்பாமல் நிறைய வைரஸில் தூரம் அளந்து எண்ணுங்கள்.