கிளோ எஞ்சின் கிட்டில் மின்மோட்டார்: வால் கனக்கிறது, வலது இறக்கை முறுக்கியிருக்கிறது. என்ன செய்யலாம்?

தளிர்ச்சிறகு:

வணக்கம். பால்சா என்ற இலேசான மரத்தாலான கிட் (கட்டுவதற்கான பாகத் தொகுப்பு) ஒன்றிலிருந்து ரேடியோ கட்டுப்பாட்டுப் பயிற்சி விமானம் கட்டியிருக்கிறேன். இறக்கை உடலுக்கு மேலே ரப்பர் வளையங்களால் கட்டப்படும் வகை. கிட்டின் வரைபடம் எரிபொருளில் ஓடும் 40 அளவு கிளோ எஞ்சினுக்கானது, அதாவது சுமார் 6.5 சி.சி. நான் எஞ்சினை விட்டுவிட்டு பிரஷ்லெஸ் மின்மோட்டாரும் நான்கு செல் லைப்போ பேட்டரியும் வைத்திருக்கிறேன். இன்னும் பறக்கவிடவில்லை. அதற்கு முன்பே மேசை மீது மூன்று சிக்கல்கள்.

ஒன்று, ஈர்ப்பு மையம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 80 மி.மீ. என்று வரைபடம் சொல்கிறது. எனக்கு 96 மி.மீ.யில்தான் சமநிலை கிடைக்கிறது. வால் கனக்கிறது.

இரண்டு, வலது இறக்கை. கவரிங் ஃபிலிம் ஒட்டிச் சூடுகாட்டி இறுக்கிய பிறகு நுனிப்பக்கம் முறுக்கிக்கொண்டது. எயிலரானுக்கு (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) டிரிம் வைத்து, அதாவது அதைச் சற்றே சாய்த்து நிறுத்தி, சரிக்கட்டிவிடலாமா?

மூன்று, பேட்டரியை இணைத்தால் இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) விடாமல் கூவுகிறது, மோட்டார் அசையவில்லை. சர்வோக்கள் (அசையும் பலகைகளை இயக்கும் சிறு மோட்டார்கள்) மட்டும் ஒழுங்காக வேலை செய்கின்றன.

தரையோட்டம்:

நண்பரே, வால் கனத்தால் மூக்கில் ஈயம். 50 கிராம் ஒட்டிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் 50. மின்மோட்டாருக்கு மாற்றுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது.

மூன்று கம்பி:

மூன்றாவது சிக்கலை முதலில் முடித்துவிடலாம், எளிது. ஆனால் புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கழற்றாமல் மேசை மீது மோட்டாரைச் சோதிக்கிறவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

விடாத கூவலுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: திராட்டில் (வேகக் கைப்பிடி) அடியில் இல்லை என்று இ.எஸ்.சி. நினைக்கிறது. உங்கள் கைப்பிடி அடியில்தான் இருக்கும். ஆனால் சில டிரான்ஸ்மிட்டர்களில் திராட்டில் சேனல் தலைகீழாக இருப்பதால் அடி என்பது இ.எஸ்.சி.க்கு முழுவேகமாகத் தெரியும். பாதுகாப்புக்காக அது மோட்டாரை ஓடவிடாது. டிரான்ஸ்மிட்டர் மெனுவில் திராட்டில் சேனலை மட்டும் ரிவர்ஸ் செய்யுங்கள். பிறகு கையேட்டில் உள்ளபடி திராட்டில் வரம்பைக் காலிபிரேட் செய்யுங்கள். மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று கம்பிகளில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் போதும். பேட்டரியிலிருந்து வரும் சிவப்பையும் கறுப்பையும் மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள். அந்த நொடியே இ.எஸ்.சி. புகைந்துவிடும்.

பால்சாத் தூசி:

தம்பி, ஈயத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். சில விவரங்கள் வேண்டும். பறக்கத் தயாரான நிலையில் மொத்த எடை எவ்வளவு? பேட்டரியின் எடை என்ன, இப்போது அது எங்கே உட்கார்ந்திருக்கிறது? மோட்டார் பொருத்திய முன்பலகை இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம்? 96 மி.மீ. என்று அளந்தபோது புரொப்பல்லர், சக்கரம், ரிசீவர் எல்லாம் இருந்தனவா?

இறக்கைக்கு வருவோம். அகலம் எவ்வளவு? முறுக்கு எந்தப் பக்கம்? கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். சமதளமான கண்ணாடி அல்லது மேசை மீது வலது பாதியை மட்டும் வைத்து, அடிப்பகுதியை எடை வைத்து அழுத்திவிட்டு, நுனியில் எந்த விளிம்பு எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். முன்விளிம்பில் பால்சாத் தகடு மேலே மட்டும் ஒட்டியிருக்கிறதா, மேலும் கீழுமா? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். பதில் அதைப் பொறுத்துத்தான்.

தளிர்ச்சிறகு:

மூன்று கம்பி நண்பருக்கு நன்றி, சேனலை ரிவர்ஸ் செய்ததும் கூவல் நின்றது. மோட்டார் சரியான பக்கம்தான் சுற்றுகிறது.

ஐயா கேட்டவை: மொத்த எடை 2,200 கிராம், எல்லாம் பொருத்திய நிலையில். பேட்டரி 350 கிராம். இறக்கைக்கு நேர் கீழே, சர்வோக்களுக்கு முன்னால் வைத்திருக்கிறேன். இறக்கையைக் கழற்றினால் கைக்கு எட்டும் என்பதால் அந்த இடம். முன்பலகை முன்விளிம்பிலிருந்து 230 மி.மீ. முன்னால். எரிபொருள் தொட்டி இருக்கவேண்டிய அறை காலியாகக் கிடக்கிறது.

இறக்கையின் அகலம் 280 மி.மீ., அடிப்பக்கம் தட்டை. இடது பாதி மேசையில் ஒழுங்காகப் படிகிறது. வலது பாதியின் நுனியில் முன்விளிம்பு 6 மி.மீ. தூக்கி நிற்கிறது, பின்விளிம்பு மேசையைத் தொடுகிறது. தகடு மேலே மட்டும்; கீழே விலாப்பலகைகள் திறந்த நிலையில் ஃபிலிமால் மூடப்பட்டிருக்கின்றன.

பால்சாத் தூசி:

விவரமாகச் சொன்னீர்கள், கணக்குப் போடலாம்.

உங்கள் ஈர்ப்பு மையம் இருக்கவேண்டிய இடத்துக்கு 16 மி.மீ. பின்னால் இருக்கிறது. 2,200 கிராமை 16 ஆல் பெருக்கினால் 35,200. இதை ஏதோ ஒரு எடையும் தூரமும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். ஈயத்தால் என்றால், முன்பலகை உரிய ஈர்ப்பு மையத்திலிருந்து 310 மி.மீ. முன்னால் இருக்கிறது, 35,200ஐ 310ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 114 கிராம். பறப்புக்கு ஒரு துளியும் உதவாத 114 கிராம். இறங்கும் வேகம் கூடும், தரையில் மோதினால் முன்பலகையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அதே 35,200ஐப் பேட்டரியின் 350 கிராமால் வகுத்துப் பாருங்கள். 100 மி.மீ. பேட்டரியை 10 செ.மீ. முன்னால் நகர்த்தினால் வேலை முடிந்தது, எடை ஒரு கிராம்கூட ஏறாது.

வால் ஏன் கனக்கிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. 40 அளவு எஞ்சின் சைலன்சரோடு 400 கிராமை ஒட்டி நிற்கும். அந்த எடை மூக்கில் தொங்கும் என்று கணக்கிட்டுத்தான் வரைந்தவர் மூக்கைக் குட்டையாக வைத்தார். உங்கள் மோட்டார் அதில் பாதிதான் இருக்கும். விமானத்திலேயே கனமான ஒற்றைப் பொருளான பேட்டரியையும் இறக்கைக்குக் கீழே வைத்துவிட்டீர்கள். மூக்கில் எதுவுமே மிச்சமில்லை.

ஆகவே பேட்டரி தொட்டி அறைக்குள் போகட்டும். அதற்கு அந்த அறைக்கும் இறக்கை அறைக்கும் நடுவே உள்ள குறுக்குப் பலகையில் சாளரம் வெட்ட வேண்டும். இங்கேதான் கவனம். ரப்பர் வளையம் மாட்டும் முன் குச்சி அந்தப் பலகையை ஒட்டித்தான் உடலின் இரு பக்கங்களிலும் நுழைகிறது. பறக்கும்போது இறக்கையின் இழுவிசை முழுவதும் அந்த இடத்தில் விழும். குச்சிக்கு அருகே கை வைக்காதீர்கள். பேட்டரி நுழையும் அளவுக்கு மட்டும் நடுவில் வெட்டி, சுற்றிலும் குறைந்தது 10 மி.மீ. விளிம்பு விட்டு, அந்த விளிம்பில் 3 மி.மீ. பிளைவுட் சட்டம் ஒன்றை மெதுவாக இறுகும் எபாக்சியால் ஒட்டுங்கள். ஐந்து நிமிட எபாக்சி இந்த இடத்துக்கு வேண்டாம், அது மரத்துக்குள் ஊறுவதற்குள் இறுகிவிடும்.

தரையோட்டம்:

இவ்வளவு வெட்டு வேலைக்கு 114 கிராம் ஈயம் எவ்வளவோ மேல். 2.2 கிலோ விமானத்துக்கு அது ஒரு சுமையா?

பால்சாத் தூசி:

பறக்கும், மறுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் சுமந்துகொண்டு பறக்கும், அவ்வளவுதான். வெட்டு வேலை ஒரு மாலைப்பொழுதில் முடியும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி ஈர்ப்பு மையத்தை நுணுக்கமாக மாற்றும் வசதியும் கூடக் கிடைக்கிறது. ஒட்டிய ஈயத்தை அப்படி நகர்த்த முடியாது.

இனி இறக்கை. 280 மி.மீ. அகலத்தில் 6 மி.மீ. என்றால் ஏறத்தாழ ஒன்றேகால் டிகிரி. வலது நுனி காற்றை அதிகக் கோணத்தில் வெட்டுகிறது, அதிகம் தூக்குகிறது. நல்ல வேகத்தில் விமானம் இடப்பக்கம் உருளும். டிரிம் வைத்து நேராக்கிவிடுவீர்கள், எல்லாம் சரி என்று தோன்றும். இறங்குவதற்காக வேகத்தைக் குறைக்கும்போது கதை மாறும். அதிகக் கோணத்தில் இருக்கும் வலது நுனிதான் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்குவிசையை இழக்கும். அதுவரை இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்த விமானம் திடீரென்று வலப்பக்கம் விழும், அதுவும் தரைக்கு மிக அருகில். நீங்கள் வைத்த டிரிம் வலது எயிலரானை மேலேயும் இடதைக் கீழேயும் வைத்திருக்கும். அது ஒரு வேகத்துக்கு மட்டுமே பொருந்தும் மருந்து. முறுக்கைத்தான் எடுக்க வேண்டும்.

உங்களுக்கு அதிர்ஷ்டம், தகடு மேலே மட்டும்தான். மேலும் கீழும் தகடு ஒட்டி ஸ்பாரோடு (இறக்கையின் நீளவாக்கு உத்தரம்) மூடியிருந்தால் அது பெட்டிபோல் இறுகிவிடும். ஒட்டும்போது விழுந்த முறுக்கு சூட்டுக்கு அசையாது, தகட்டைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. ஒரு பக்கம் திறந்திருந்தால் முறுக்கைப் பிடித்து வைப்பது ஃபிலிம்தான். அடிப்பக்க ஃபிலிமை இறுக்கும்போது இறக்கையைச் சமதளத்தில் அழுத்தி வைத்திருந்தீர்களா?

தளிர்ச்சிறகு:

இல்லை, மடியில் வைத்துத்தான் சூடுகாட்டினேன். இப்போது திருப்புவது எப்படி?

பால்சாத் தூசி:

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இறக்கையின் நடுவையும் நுனியையும் பிடித்து, நுனியின் முன்விளிம்பு கீழே போகும்படி முறுக்க வேண்டும். நேராகும் அளவோடு நிறுத்தக் கூடாது, எதிர்ப்பக்கம் நன்றாகத் தாண்டியே போக வேண்டும். விட்டதும் பாதி திரும்பி வரும். முறுக்கியதும் ஒரு பரப்பில் ஃபிலிம் மூலைவாட்டில் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தின் மீது ஹீட் கன்னை ஓட்டுங்கள், ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். சுருக்கம் மறைந்து ஃபிலிம் இறுகும். பிறகு மறுபரப்பு. இரண்டும் முடிந்த பின்னும் கையை விடாமல் ஃபிலிம் முழுவதும் ஆறும்வரை அப்படியே பிடித்திருங்கள். இந்தக் கடைசிப் பகுதியில்தான் எல்லோருக்கும் பொறுமை போய்விடுகிறது.

பிறகு மேசையில் வைத்து அளக்கவும். முன்விளிம்பு தூக்கல் முற்றிலும் போக வேண்டும். நுனியில் பின்விளிம்பு இரண்டு மூன்று மி.மீ. தூக்கி நின்றால் கவலையில்லை, ஆனால் இடது பாதியிலும் அதே அளவு கொடுங்கள். பயிற்சி விமானத்துக்கு அது நல்லது; நுனி கடைசியில்தான் ஸ்டால் ஆகும்.

தளிர்ச்சிறகு:

இரண்டும் முடிந்தன. குறுக்குப் பலகையில் சாளரம் வெட்டி பிளைவுட் சட்டம் ஒட்டிவிட்டேன், முன் குச்சியின் இடத்தைத் தொடவில்லை. பேட்டரி இப்போது பாதி தொட்டி அறையிலும் பாதி இறக்கைக்குக் கீழுமாக இருக்கிறது. 81 மி.மீ.யில் சமநிலை கிடைக்கிறது.

இறக்கைக்கு என் தங்கை முறுக்கிப் பிடித்தாள், நான் சூடுகாட்டினேன். முதல் தடவை விட்டதும் 3 மி.மீ. திரும்பி வந்துவிட்டது. மறுபடி அதிகமாக முறுக்கிச் செய்தபின் இரண்டு நுனிகளிலும் பின்விளிம்பு 2 மி.மீ. மேலே நிற்கிறது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டரின் சர்வோ ஓய்வில் இருக்கும்போதும் மெல்ல ரீங்கரிக்கிறது. இன்னொன்று, மோட்டாரை முன்பலகைக்கு நேராகத்தான் பொருத்தியிருக்கிறேன், கொஞ்சம் வலப்பக்கம் திருப்ப வேண்டும் என்கிறார்களே?

மூன்று கம்பி:

சர்வோ: புஷ்ராடின் (சர்வோவையும் எலிவேட்டரையும் இணைக்கும் கம்பி) நுனியில் உள்ள கிளெவிஸ் கொக்கியைக் கழற்றுங்கள். ரீங்காரம் நின்றால் புஷ்ராட் எங்கோ உரசுகிறது, அல்லது கீல் விறைப்பாக இருக்கிறது. நிற்காவிட்டால் சர்வோவையே மாற்றிவிடுங்கள். ஓய்விலும் இழுத்துக்கொண்டிருக்கும் சர்வோ மின்சாரத்தைத் தின்னும், சூடாகும்.

பால்சாத் தூசி:

வலச்சாய்வை முதலில் வரைபடத்தில் பாருங்கள். பல கிட்களில் முன்பலகையே இரண்டு மூன்று டிகிரி வலப்பக்கம் சாய்ந்துதான் ஒட்டப்படும். அப்படியிருந்தால் மேற்கொண்டு எதுவும் வேண்டாம். பலகை நேராக இருந்தால், விமானி பார்வையில் இடப்பக்கம் உள்ள இரு திருகுகளுக்குப் பின்னால் வாஷர் வையுங்கள், மோட்டார் வலப்பக்கம் திரும்பும். மேல் திருகுகளுக்குப் பின்னால் வைத்தால் கீழ்நோக்கிச் சாயும். முதல் பறப்பில் முழுவேகத்தில் ஏறும்போது விமானம் இடப்பக்கம் இழுத்து, திராட்டிலைக் குறைத்ததும் நேரானால் வலச்சாய்வு போதவில்லை என்று பொருள்.

தளிர்ச்சிறகு:

புஷ்ராட் சாளரத்துக்காக ஒட்டிய சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. தேய்த்துவிட்டேன், சத்தம் இல்லை. முன்பலகை ஏற்கெனவே சாய்ந்துதான் இருக்கிறது. பேட்டரியை வெல்க்ரோ பட்டையால் கட்டியிருக்கிறேன். தொட்டி அறை நான்கு பக்கமும் மூடியிருக்கிறது, அது பரவாயில்லையா?

மூன்று கம்பி:

பரவாயில்லை என்று விடாதீர்கள். லைப்போவும் இ.எஸ்.சி.யும் சூடாகும். மூக்கில் மோட்டாருக்குக் கீழே ஒரு துளை, இறக்கைக்குப் பின்னால் உடலின் அடியில் ஒரு துளை. வெளியேறும் துளை உள்ளே வரும் துளையைவிடப் பெரியதாக, ஏறக்குறைய இருமடங்கு இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளேயே தேங்கி நிற்கும்.

பட்டை ஒன்று போதாது, இரண்டு போடுங்கள். பேட்டரி பறப்பின் நடுவே பின்னால் நழுவினால் மறுபடி 96 மி.மீ.தான்.

பால்சாத் தூசி:

கிளம்புவதற்கு முன் திடலிலேயே இறக்கையை இன்னொருமுறை சமதளத்தில் வைத்துப் பாருங்கள். வெயிலில் ஃபிலிம் தளர்ந்து பழைய முறுக்கு திரும்ப வரும் வாய்ப்பு உண்டு. டிரான்ஸ்மிட்டரின் தொலைவுச் சோதனையை மோட்டார் ஓடும்போதும் ஒரு தடவை செய்யுங்கள். அப்போது ஒருவர் வாலைப் பிடித்திருக்கட்டும், யாரும் புரொப்பல்லருக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ நிற்க வேண்டாம்.