தியேட்டர் சர்வரில் தமிழ் சப்டைட்டில் உடைகிறது

பினாங்கு ஜார்ஜ் டவுனில் எடுத்த 14 நிமிடக் குறும்படம். சிங்மிங் (சீனர்கள் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து வணங்கும்) நாளில் கல்லறையைத் துடைத்துக்கொண்டே ஒரு பாட்டி பேரனிடம் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் பேசுகிறார். மேல் வரி சீனம், கீழ் வரி தமிழ். அடுத்த வெள்ளி திரையிடல்.

கணினியில் எல்லாம் சரி. தியேட்டரில் "போ" என்பதில் கொம்பும் காலும் பிரிந்து, நடுவில் புள்ளிவட்டம். சீனம் வெறும் கட்டம்.

செய்து பார்த்தவை: டிசிபி (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் படத் தொகுப்பு) செய்யும் டிசிபி-ஓ-மேட்டிக் மென்பொருளில் முதலில் இன்டராப் என்ற பழைய டிசிபி வடிவம். அதில் எழுத்துரு 640 கேபிக்குள் இருக்க வேண்டும். நோட்டோ சீன எழுத்துரு 10 எம்பிக்கு மேல். படத்தில் வரும் எழுத்துகளை மட்டும் வைத்துச் சுருக்கியதும் சீனம் வந்துவிட்டது. தமிழ் அப்படியே. எஸ்எம்பிடிஇ என்ற புதிய டிசிபி வடிவத்துக்கு மாற்றினோம், லதா, நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இரண்டும் போட்டோம், பலனில்லை. உயிர்மெய்யைச் சேர்த்து வரைய அந்த சர்வருக்குத் தெரியவில்லை என்றே தோன்றுகிறது.

சீன வரியை நீக்க முடியாது. கல்லில் உள்ள பெயர்களைப் பாட்டி ஒவ்வொன்றாக வாசிக்கிறார். பேரனுக்கு அந்தப் பழைய வடிவ எழுத்து தெரியாது. காட்சியின் உயிரே அதுதான். சப்டைட்டிலைப் படத்திலேயே பதித்துவிட்டால் வேறு மொழித் திரையிடலுக்குப் பயன்படாது.

சப்டைட்டிலை பிஎன்ஜி படங்களாகக் கொடுத்து டிசிபி செய்தவர்கள், எந்த மென்பொருளில் செய்தீர்கள்?