ஏழாம் வகுப்புக் கணக்குக்கு டேப்லெட்: வாங்கலாமா, வேண்டாமா?

கணக்கு டீச்சர்

வணக்கம். தென்காசிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் 38 பிள்ளைகள். ஓர் அறக்கட்டளை 20 டேப்லெட்டும் கணக்கு மென்பொருளும் தர முன்வந்திருக்கிறது. பிள்ளை தப்பாகப் போட்டால் அதற்கு அடிப்படையான கீழ்வகுப்புக் கணக்குக்கு இறக்கும், சரியாகப் போட்டால் மேலே ஏற்றும். ஒவ்வொருவர் திரையிலும் வேறு வேறு கணக்கு ஓடும். வாரத்தில் இரண்டு பாடவேளையை இதற்கே ஒதுக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. முடிவை ஹெச்.எம். என்னிடம் விட்டுவிட்டார்.

எனக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது. போன வாரம் பின்னங்களைக் கூட்டுவது நடத்தினேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன், போர்டில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் நோட்டில் இறக்கியிருந்தான். 6-க்கும் 8-க்கும் மீச்சிறு பொது மடங்கு கேட்டால் முழிக்கிறான். அதே வகுப்பில் இரண்டு பெண்கள் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுகிறார்கள். 40 நிமிடத்தில் யாருக்கென்று நடத்துவது? நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. ராத்திரி படுத்தால் இதுதான் மனதில் ஓடுகிறது.

வேண்டாம் என்பவர்களும் தயங்காமல் சொல்லுங்கள்.

ஏணிப்படி

டீச்சர், தொடக்கப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அவரவர் வேகத்தில் படிப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அதுதானே? ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளிக்காரர்கள் சுற்றுவட்டக் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையைப் பார்த்து வந்தது. பாடம் முழுக்க அட்டைகள், சுவரில் ஏணி. பிள்ளை தான் நிற்கும் படியைப் பார்த்து, அந்த அட்டையை எடுத்துக்கொண்டு உரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியர் முழுக்க உதவும் குழு, பாதி உதவும் குழு, கூடப் படிக்கும் பிள்ளை உதவும் குழு, தனியாகச் செய்யும் குழு என்று மொத்தம் ஆறு. நாங்களும் தரையில்தான் உட்கார்ந்தோம்.

அருமையாக நடந்த நாட்கள் உண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் நாளடைவில் பிள்ளைகளுக்கு அட்டையை முடிப்பதே குறி ஆகிவிட்டது. ஏணியில் அடுத்தவனை முந்த வேண்டும், அவ்வளவுதான். என் வேலை பதிவேட்டில் டிக் போடுவதாகச் சுருங்கியது. ஒருவன் செய்த தப்பை வகுப்பே சேர்ந்து பார்த்துத் தெளியும் நேரம் இல்லாமலே போனது. ஒரு பிள்ளை தப்பாகச் சொல்ல, இன்னொன்று "அப்படி இல்ல சார்" என்று எழுந்து நிற்குமே, அந்த இடத்தில்தான் கணக்கு உள்ளே இறங்குகிறது.

நீங்கள் சொல்லும் டேப்லெட் அதே ஏணிதான். அட்டையிலாவது பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தது. இதில் அதுவும் கிடையாது.

நிரலாளன்

கணக்கு மென்பொருளுக்குக் கேள்வி எழுதும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன். இப்போது வேறு துறை, விற்க எதுவும் இல்லை. ஏணிப்படி ஐயாவோடு ஓர் இடத்தில் மாறுபடுகிறேன்.

ஏணிக்கு ஒரே பாதை. எந்தத் தப்பு செய்தாலும் அதே படியில்தான் நிற்க வேண்டும். நல்ல மென்பொருள், எந்தத் தப்பு என்று பார்க்கும். 0.5 பெரியதா 0.45 பெரியதா என்று கேளுங்கள். நிறையப் பிள்ளைகள் 0.45 என்பார்கள், 45 என்பது 5-ஐ விடப் பெரியது என்பதால். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பத்து தசமக் கணக்கு கொடுத்துப் பிரயோசனம் இல்லை, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற இடமதிப்புக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான கணிப்பு முறை ஒன்று உண்டு. தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகப் போட்டிருக்கலாம், தெரிந்தும் கை தவறியிருக்கலாம் என்று இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் "இந்தப் பிள்ளைக்கு இது வந்துவிட்டது" என்ற முடிவுக்கு வரும். 38 பேருக்கும் ஒரே நேரத்தில் ஓர் ஆளால் இப்படிப் பார்க்க முடியாது.

நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. 2015-இல் டெல்லியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேரில் யாருக்கு வாய்ப்பு என்று குலுக்கிப் போட்டு ஆய்வு செய்தார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இருவரும் செய்தது, 2019-இல் வெளியானது. மென்பொருள் மைண்ட்ஸ்பார்க். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது. நாலரை மாதத்தில் வாய்ப்புக் கிடைத்தவர்கள் கணக்கில் 0.37 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதற்கான அளவு), இந்தியில் 0.23 கூடுதலாக முன்னேறினார்கள். நூறு பேர் வரிசையில் நடுவில் நின்ற பிள்ளை, கணக்கில் முப்பத்தாறாவது இடத்துக்கு முன்னேறிய மாதிரி. வாய்ப்புக் கிடைக்காத பிள்ளைகளில் கடைசி மூன்றில் ஒரு பங்கினர், அந்தக் காலத்தில் வழக்கமான பள்ளிக்கூடப் படிப்பில் அளக்கும்படியான முன்னேற்றம் எதையுமே காட்டவில்லை. டீச்சர் கவலைப்படுவது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

ஏணிப்படி

தம்பி, அந்த ஆய்வை நானும் அறிவேன். மூன்று விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அது வகுப்பறையில் நடக்கவில்லை, பள்ளி நேரத்துக்கு வெளியே தனி மையத்தில் நடந்தது. ஒரு வேளைக்கு 90 நிமிடம், அதில் பாதிதான் கணினி. மீதி 45 நிமிடம் பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகளோடு ஓர் ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். முன்னேற்றத்தில் எது மென்பொருளால், எது அந்த மனிதரால் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? மூன்றாவது, பள்ளியின் சொந்தத் தேர்வில் கணக்கு மதிப்பெண் சொல்லும்படி ஏறவில்லை.

பாடவேளையை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. குஜராத்தில் கியான் சாலா என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் லீ லிண்டன் என்ற பொருளாதார ஆய்வாளர் செய்தது, 2008. கணினிக் கணக்குப் பயிற்சியைப் பள்ளி நேரம் முடிந்து கொடுத்தபோது அதே திட்ட விலக்கக் கணக்கில் 0.28 ஏற்றம். ஆசிரியர் நடத்தும் நேரத்தை எடுத்துவிட்டு அதே பயிற்சியைக் கொடுத்தபோது 0.57 இறக்கம். டீச்சரிடம் கேட்பது எது? கூடுதல் நேரம் இல்லை. அவர் நடத்தும் இரண்டு பாடவேளை.

நிரலாளன்

குஜராத் விஷயம் உண்மை, ஐயா. அந்தப் பள்ளிகளில் ஏற்கெனவே நன்றாக நடத்திக்கொண்டிருந்தார்கள், அதனால் எடுத்ததில் இழப்பு பெரிதாகத் தெரிந்தது. அந்த மென்பொருளும் பிள்ளைக்குத் தக்கபடி பெரிதாக மாறுகிற வகை இல்லை. ஆனாலும் பாடவேளையைக் கொடுப்பதில் கவனம் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பள்ளித் தேர்வு பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்கமாட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்பு வகுத்தலைக் கற்றுக்கொண்டால், ஏழாம் வகுப்புத் தாளில் அது எங்கே தெரியும்? தாளில் வகுத்தலா கேட்கிறார்கள்? அந்தப் பிள்ளை கற்றதைப் பார்க்கும் கண் நம் தேர்வுக்கு இல்லை.

இரு பிள்ளைகளின் அம்மா

நான் ஆசிரியர் இல்லை. சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் என் பெண் ஐந்தாம் வகுப்பு படித்தபோது இப்படி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலும் தினம் 20 நிமிடம் போட வேண்டும். முதல் மாதம் எனக்கு ஒரே சந்தோஷம், மடமடவென்று நட்சத்திரம் ஏறியது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேள்வியைப் படிக்கவே இல்லை. 'உதவி' பொத்தானை மூன்று தடவை தட்டினாள். மூன்றாவது உதவியில் விடையே வந்துவிடுகிறது. அதைப் பார்த்து எழுதினாள், அடுத்த கேள்வி. விரல் மட்டும் அவ்வளவு வேகம். "ஏன் கண்ணு, போட்டுப் பார்க்கலாம்ல?" என்றேன். "தப்பாச்சுன்னா கீழ எறக்கிடும்மா, எல்லாரும் பாப்பாங்க" என்றாள்.

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. தப்பு செய்யப் பயப்படாமல் இருக்கத்தானே தனித்தனியாகக் கொடுக்கிறார்கள்? வகுப்பில் யார் எந்த நிலை என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். வருடம் முழுக்க அவளுக்குப் பெயரே 'லெவல் மூணு'.

இன்னொன்று. பிள்ளை எத்தனை நொடி யோசித்தது, எங்கே நிறுத்தியது என்று எல்லாம் அதில் பதிவாகிறது. யாரிடம் இருக்கிறது, எத்தனை வருடம் வைத்திருப்பார்கள் என்று கேட்டேன், பள்ளியில் யாராலும் சொல்ல முடியவில்லை. 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. டீச்சர், உங்கள் பள்ளிப் பெற்றோருக்கு இதை யார் எடுத்துச் சொல்வார்கள்?

கணக்கு டீச்சர்

அம்மா சொன்னது மனதைக் குத்திவிட்டது. 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். அழகான பெயர்கள்தான். ஆனால் தான் எதில் இருக்கிறோம், ஏன் இருக்கிறோம் என்று பிள்ளைகளுக்கு ரெண்டே நாளில் தெரிந்துவிடுகிறது.

நிரலாளன் சார், 'உதவி' பொத்தானுக்கு உங்கள் பதில் என்ன?

நிரலாளன்

பொத்தானைத் தட்டித் தட்டி விடை வாங்குவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிக்கல், இருபது வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. மிகக் குறைந்த நொடியில் பதில் வந்தால் அதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம், விடையைக் காட்டாமல் இதே மாதிரி வேறொன்றைக் கொடுக்கலாம். முழுக்கத் தடுக்க முடியாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தீர்களே, அம்மா, அதற்கு ஈடாக எங்களிடம் எதுவும் இல்லை.

எனக்கு நம்பிக்கை தரும் உதாரணம் வேறு. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஏழாம் வகுப்புக்கு அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற மென்பொருளை வீட்டுப்பாடத்துக்கு மட்டும் கொடுத்தார்கள். எந்தக் கணக்கில் எத்தனை பேர், என்ன தப்பு என்ற பட்டியல் காலையில் ஆசிரியர் கையில் இருக்கும். எல்லோரும் தடுக்கிய கணக்கை மட்டும் எடுத்து அவர் நடத்துவார். 0.18 திட்ட விலக்கம் முன்னேற்றம், பின்தங்கிய பிள்ளைகளுக்கு அதிகம். டெல்லி அளவுக்கு இல்லை, ஆனால் பாடவேளை ஆசிரியரிடமே இருந்தது.

ஏணிப்படி

இதைத்தான் தம்பி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பட்டியல் ஆசிரியருக்கு வர வேண்டும், நடத்துவது ஆசிரியராக இருக்க வேண்டும். அப்படியென்றால் அந்தப் பட்டியலுக்கு டேப்லெட் எதற்கு?

டீச்சர், கையெழுத்துப் போடும் முன் ஒன்று செய்யுங்கள். நாளைக்கு அரைத்தாளில் ஐந்தே ஐந்து கழித்தல் கணக்கு கொடுங்கள். மதிப்பெண் போடாதீர்கள். என்ன விடை எழுதினார்கள் என்பதை மட்டும் குவியல் குவியலாகப் பிரித்து வையுங்கள்.

கணக்கு டீச்சர் (மூன்று நாள் கழித்து)

செய்தேன் ஐயா. 36 பேர் வந்திருந்தார்கள். முதல் கணக்கு 52-இலிருந்து 27. பதினொரு தாளில் 35 என்று இருந்தது. ஏழாம் வகுப்பில் பதினொன்று! கடன் வாங்கிக் கழிப்பதே தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். மதிய இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, போட்டுக் காட்டச் சொன்னேன்.

ஏழு பேர் 2-இலிருந்து 7 போகாது என்று திருப்பி 7-இலிருந்து 2-ஐக் கழித்தார்கள். மற்ற நாலு பேர் ஒழுங்காகக் கடன் வாங்கினார்கள், 12-இலிருந்து 7 போக 5. ஆனால் கடன் கொடுத்த 5-ஐ 4 ஆக்க மறந்துவிட்டார்கள். இரண்டு வழியிலும் வருவது 35. தாளை மட்டும் பார்த்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது, டேப்லெட்டுக்கும் தெரிந்திருக்காது.

நிரலாளன்

அருமை டீச்சர். ஆனால் கடைசி வரிக்கு மட்டும் மறுப்பு. 27-க்குப் பதில் 28 கொடுத்திருந்தால் திருப்பிக் கழித்தவர்கள் 36 என்றும், குறைக்க மறந்தவர்கள் 34 என்றும் தனித்தனியாக விழுந்திருப்பார்கள். கேள்வி எழுதுபவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்வது இந்த வேலையைத்தான். ஒரே தப்பு விடைக்கு இரண்டு காரணம் இருந்தால் அந்தக் கேள்வியைத் தூக்கிவிடுவோம். அறக்கட்டளைக்காரர்களிடம் இதையே கேளுங்கள்: பிள்ளை எழுதிய தப்பு விடைகளை எனக்குக் காட்டுமா, வெறும் சதவீதம் மட்டும்தானா? சதவீதம் மட்டும் என்றால் வாங்காதீர்கள். நானே சொல்கிறேன்.

ஏணிப்படி

27-க்கும் 28-க்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் இத்தனை வருடத்தில் தோன்றியதில்லை. நன்றி தம்பி. ஆனாலும் அந்த ஏழு பேருக்குத் திரை போதாது. பத்துக்குச்சிக் கட்டைப் பிரித்துக் கையில் கொடுத்துத்தான் காட்ட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

கணக்கு டீச்சர்

ஆள் நான்தான் ஐயா. அந்தப் பதினொரு பேரோடு நான் உட்கார்ந்தால் மீதி 27 பேரை யார் பார்ப்பது என்பதுதான் எனக்கிருந்த சிக்கல்.

இன்று அறக்கட்டளையில் பேசினேன். தப்பு விடைகள் தெரியுமாம், கேட்டால்தான் திறந்துவிடுவார்களாம், கேட்டுவிட்டேன். இரண்டு பாடவேளை தரமுடியாது, ஒன்று தருகிறேன், அதிலும் டேப்லெட்டை வாங்குவது நன்றாகப் போடும் பிள்ளைகள், நான் குச்சிக்கட்டோடு இந்தப் பதினொரு பேரிடம் உட்காருவேன் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அவர்களே வந்து, என்னென்ன பதிவாகும் என்று தமிழில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். நிலைப் பட்டியலைச் சுவரில் ஒட்டமாட்டேன் அம்மா, அது உறுதி.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்த மூன்றாவது பெஞ்சுப் பையன் ஐந்து கழித்தலும் சரியாகப் போட்டிருந்தான். வாய்ப்பாடு மட்டும்தான் அவனுக்கு நிற்கவில்லை. ஜூன் மாதத்திலிருந்து அவனை ஒன்றுமே தெரியாதவன் வரிசையில் வைத்திருந்தேன். நாளை காலை வழிபாடு முடிந்ததும் ஆறாம் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்குகிறோம்.