வேகம் குறைந்ததும் இடது இறக்கை விழுகிறது: 1 மீட்டர் பால்சா மர மாடல் விமானம்

கேள்வி:
இறக்கை 1000 மி.மீ, கார்டு (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அகலம்) முனை வரை ஒரே 180 மி.மீ, அடிப்பக்கம் தட்டை. மொத்த எடை 420 கிராம், அதில் 2 செல் லிப்போ பேட்டரி 60 கிராம். முழு வேகத்தில் லேசாக வலப்பக்கம் உருள்கிறது. ஏலரானில் (இறக்கையின் பின்னோரத்தில் உருளலைக் கட்டுப்படுத்தும் மடல்) ட்ரிம், அதாவது நிலையான சிறு திருத்தம், வைத்தால் நேராகப் போகிறது. ஆனால் தரையிறக்க த்ராட்டிலை (மோட்டார் வேகக் கட்டுப்பாடு) மூடி மூக்கைத் தூக்கினால் இடது இறக்கை சட்டென்று விழுகிறது. எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) ரொம்பத் துடிக்கிறது, லேசாகத் தொட்டாலே மூக்கு குதிக்கிறது. சி.ஜி (எடை மையம்) இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 63 மி.மீ. மேலே போர்த்தும், சூட்டில் சுருங்கும் ஃபிலிமை ஒட்டும் முன் இறக்கை நேராகத்தான் இருந்தது. ட்ரிம்மிலேயே சமாளிக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். வேகத்தில் வலம், மெதுவில் இடம் என்றால் இடது இறக்கையில் திருகல் இருக்கிறது. அந்த முனை அதிகக் கோணத்தில் நிற்பதால் வேகத்தில் கூடுதலாகத் தூக்கும், மெதுவாகப் போகும்போது முதலில் ஸ்டால் ஆகும் (தூக்குவிசையை இழக்கும்). ட்ரிம் ஒரே ஒரு வேகத்துக்குத்தான் சரியாக வரும். த்ராட்டில் மூடியபின் விழுவதால் மோட்டாரின் முறுக்குவிசையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இடது பாதியைச் சமதளமான மேசையில் வைத்து, நடுப்பகுதியை அழுத்திப் பிடித்து, முனையில் முன்விளிம்பு எவ்வளவு எழும்பி நிற்கிறது என்று அளந்து சொல்லுங்கள். பக்கவாட்டு எடைச் சமநிலையையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
முன்விளிம்பு 3 மி.மீ எழும்பி நிற்கிறது. வலது பாதி சரியாக இருக்கிறது. எடைச் சமநிலையும் சரி.

பதில் 2:
180 மி.மீ கார்டில் 3 மி.மீ என்பது ஏறக்குறைய 1 டிகிரி. இந்தக் கோளாறுக்கு அது போதும். ஒரு பக்க ஃபிலிமை முழுதாகச் சுருக்கிவிட்டு மறுபக்கம் போயிருந்தால் இப்படித்தான் இழுக்கும்.

இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் நடுவைப் பிடித்துக்கொள்ள, முனையின் பின்விளிம்பு மேலே வரும்படி, தேவைக்கு மேலேயே திருகிப் பிடியுங்கள். ஃபிலிமில் குறுக்காகச் சுருக்கங்கள் ஓடும். ஹீட் கன்னை நகர்த்திக்கொண்டே, மேலும் கீழும் மாறி மாறி, அந்தச் சுருக்கம் மறையும்வரை சூடு காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் ஓட்டை விழும். முழுதாக ஆறும்வரை பிடியை விடாதீர்கள். பலரும் அவசரப்படுவது இங்கேதான். விட்டபின் கொஞ்சம் திரும்பி வரும், அளந்து மறுபடி செய்யுங்கள்.

இரு முனைகளிலும் பின்விளிம்பு 3 மி.மீ மேலே இருக்கும்படி வாஷ்-அவுட் (முனைக்குக் குறைந்த கோணம்) வைத்தால் இன்னும் நிதானமாக இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருப்பது முக்கியம். முடிந்ததும் பழைய ஏலரான் ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

பதில் 3:
எலிவேட்டர் துடிப்புக்குக் காரணம் சி.ஜி. 63 மி.மீ என்றால் கார்டில் 35%. 30%க்கு, அதாவது 54 மி.மீக்குக் கொண்டுவாருங்கள். சி.ஜி 9 மி.மீ முன்னே வர: 9 × 420 (மொத்த எடை) ÷ 60 (பேட்டரி எடை) = 63 மி.மீ. பேட்டரியை அத்தனை மி.மீ முன்னே தள்ளினால் மூக்கில் எடைக்காக ஈயம் சேர்க்க வேண்டாம். மூக்கில் அவ்வளவு இடம் இல்லையென்றால் ரிசீவரையும் முன்னே நகர்த்துங்கள். அதற்கும் பிறகு துடித்தால் மட்டும் எலிவேட்டர் அசைவைக் குறையுங்கள்.

ஒன்று கவனிக்க: வெறும் ரிப்பும் (குறுக்கு விலா) ஸ்பாரும் (நீளவாட்டுச் சட்டம்) உள்ள திறந்த இறக்கைக்கு முறுக்கைத் தாங்கும் பலம் குறைவு. வெயிலில் கிடந்து ஃபிலிம் தளர்ந்தால் திருகல் திரும்ப வரலாம். அடுத்த இறக்கையில் மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே 1.5 மி.மீ பால்சா வெப் (இரண்டையும் இணைக்கும் தகடு), இழை செங்குத்தாக இருக்கும்படி ஒட்டுங்கள். முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரை மேலும் கீழும் பால்சா தகடு போட்டு மூடுங்கள். ஒட்டி முடித்து பசை காயும்வரை இறக்கை கட்டும் பலகையிலேயே ஊசியால் குத்தப்பட்டு இருக்கட்டும். அப்போது மரத்தில் ஏறிய திருகலை ஃபிலிமால் நிரந்தரமாக எடுக்க முடியாது.